கிராம்புக் கிண்ணம் என் கைக்கு வந்தது

என் கணவர் சாசோனுக்கு வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சாப்பாடு ருசிக்கவில்லை என்று நாலு நாள் புலம்பிவிட்டு விட்டிருப்பார்கள். இவரோ ஜெருசலேமில் மஹனே யெஹூதா சந்தையில் மசாலாக் கடை வைத்திருக்கிறவர். மூட்டையைப் பிரிக்காமலே ஏலக்காய் புதுசா பழசா என்று சொல்லிவிடுவார் என்று பேர். அந்தப் பேரில்தான் கடை ஓடுகிறது.

ஒரு மாதமாக நான் பக்கத்தில் நின்று மோந்து பார்க்கிறேன். சரக்கு மட்டம் என்றால் இருமுவேன், அவர் வேண்டாம் என்பார். வெளியே யாருக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை, எங்கள் யூத ஓய்வுநாளின் சாயங்காலம், பின்ஹாஸ் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் சாமான் வாங்கிப் போடுகிறவர். ஒரு வருஷத்துக்கான மசாலா ஆர்டரை எங்களுக்கே கொடுக்கப் போகிறார் என்று பேச்சு. ஓய்வுநாளில் வியாபாரம் பேசக்கூடாது இல்லையா, அதனால் ஜெபக்கூடத்தில் பாடுகிறவரின் தொண்டைக்கட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

என் பயம் வேறு. ஓய்வுநாளை வழியனுப்பும்போது ஒயினுக்கு ஆசி சொல்லி, அடுத்து வாசனைப் பொருளுக்கு ஆசி சொல்லி மோந்து பார்க்க வேண்டும். வாசனை தெரியாதவர் அந்த ஆசியைச் சொல்லக்கூடாது. வீட்டு ஆட்கள் மட்டும் இருந்த வாரங்களில் நான்தான் சொன்னேன். இன்றைக்குப் பின்ஹாஸ் முன்னால் என்ன செய்வது?

சமையலறைக்கு வந்த சாசோனைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு மட்டும் நீங்களே சொல்லிடுங்க. மூக்குக்குள்ள எட்டியா பாக்கப் போறாரு?"

"ஸ்மதார், நட்சத்திரம் இன்னும் வரல. வியாபாரம் பேசாத."

"நான் பேசறது வியாபாரம் இல்ல. உங்க மூக்கு."

"என் மூக்குதான் நம்ம வியாபாரம், கண்ணு," என்று சொல்லிவிட்டு ஆலிவ் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் ஓய்வுநாள் முடியும். என் மகள் தெஹிலா பால்கனியில் நின்று வானத்தைப் பார்த்தாள். "ரெண்டு வந்தாச்சு. மூணாவது... இல்லப்பா, அது நகருது. விமானம்."

கொஞ்ச நேரத்தில் நிஜமான மூன்றாவதும் வந்தது. விளக்கை அணைத்தபடியே வைத்து, பின்னல் மெழுகுவர்த்தியை ஏற்றினோம். தெஹிலா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"உயரமாப் பிடிம்மா," என்றார் பின்ஹாஸ். "எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்துல மாப்பிள்ளை."

"ஏற்கெனவே தலை கதவுல இடிக்கிற உயரத்துலதான் பிடிச்சிருக்கேன் மாமா."

சாசோன் கோப்பை நிரம்பி வழிய ஒயினை ஊற்றி, அதற்கு ஆசி சொன்னார். அதற்கப்புறம் குடித்து முடிக்கும்வரை நடுவில் யாரும் பேசக்கூடாது. அடுத்து வாசனைக்கு வைத்திருந்த கிராம்புக் கிண்ணத்தை வலது கையில் எடுத்தார். அதையே பார்த்தார். பின்ஹாஸும் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

பின்ஹாஸின் புருவம் ஏறியது. ஒரு வார்த்தை பேச முடியாது, அவராலும் சரி, என்னாலும் சரி. நறுமண வகைகளைப் படைத்தவரைப் போற்றி, மோந்து, தெஹிலாவிடம் கொடுத்தேன். அவளிடமிருந்து பின்ஹாஸுக்குப் போனது. அவர் மோந்துவிட்டுச் சாசோனிடம் நீட்டினார். சாசோன் வேண்டாம் என்று தலையை ஆட்டி, அதை வாங்கி மேஜையில் வைத்தார். நெருப்புக்கு அவர் ஆசி சொல்ல, வழக்கப்படி எல்லோரும் அந்த வெளிச்சத்தில் நகத்தைப் பார்த்தோம். புனித நாளையும் சாதாரண நாளையும் பிரிக்கிறவரைப் போற்றி முடித்து, சாசோன் அவசரமே இல்லாமல் குடித்தார். சிந்திய ஒயினில் திரியை அணைத்தார்.

"நல்ல வாரம்," என்று வாழ்த்தினார்.

"நல்ல வாரம்," என்றார் பின்ஹாஸ். "ஏன் நீ சொல்லல?"

"வாசனை தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் போச்சு, இன்னும் வரல."

"சும்மா சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"உனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா எனக்குக் கிடைக்காத ஒண்ணுக்கு, கடவுள் பேரைச் சொல்லி எப்படி நன்றி சொல்றது?"

பின்ஹாஸ் நாற்காலியில் சாய்ந்தார். "போன வாரம் என் ஆள் வாங்கிட்டுப் போன ஏலக்காய்?"

"ஸ்மதார் பாத்துக் கொடுத்தது."

"நான் இருக்கும்போதே குங்குமப்பூவைத் திருப்பி அனுப்பினியே?"

"நான் இருமினேன்," என்றேன்.

"உங்களுக்கு ஆஸ்துமான்னுல எனக்குத் தோணுச்சு. பாவம்னு வேற நினைச்சேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சீக்கிரமே அடங்கிவிட்டது. "ஒரு வருஷம்னு நினைச்சு வந்தேன், சாசோன். உன் மூக்குக்காக. இப்ப பஸ்கா பண்டிகை வரைக்கும்னு வச்சுக்குவோம். அப்புறம் பாக்கலாம்."

"நியாயம்தான்," என்றார் சாசோன். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

எனக்கு அழுகை வந்தது. ஒரு வருஷ ஆர்டர் மூணு மாசத்துக்குச் சுருங்கிவிட்டது. ஆனாலும் அவரைத் திட்ட வாய் வரவில்லை. ஒரு வார்த்தைதான். யாருக்கும் கேடு இல்லை. அதைக்கூடச் சும்மா சொல்ல மாட்டேன் என்கிற மனுஷனோடுதான் குடும்பம் நடத்துகிறேன் என்று உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் கடையில் வந்தவர்களிடமெல்லாம் அவரே சொன்னார். "எனக்கு வாசனை தெரியல. அவகிட்ட கேளுங்க." ரெண்டு பேர் எதிர்க்கடைக்குப் போனார்கள். அவர் குரல் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

வாடிக்கையாக வருகிற ஷோஷி இடுப்பில் கைவைத்து நின்றாள். "அப்ப வீட்ல குழம்பு தீஞ்சாலும் தெரியாதா?"

"தெரியாது," என்றார் சாசோன். "ரொம்ப நிம்மதியா சாப்பிடறேன்."

ஷோஷி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அரைக் கிலோ சீரகம் கேட்டாள்.