காஸ்கேட் ஏறிய கயிறு

சுவிஸில் துன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் முப்பத்தொரு வருடம் நான் உரித்த உருளைக்கிழங்குத் தோலைக் குவித்து வைத்திருந்தால், பக்கத்து நீஸன் மலை அதை அண்ணாந்து பார்க்க வேண்டி வந்திருக்கும். ஓய்வு பெற்றதும் வாடகைக்கு ஒரு தோட்டத் துண்டு எடுத்தேன். அங்கே நான் வளர்த்த பயற்றங்காய் ஒன்றைப் பிடித்துக்கொண்டே பேர்ண் வரை நடந்து போகலாம்.

அந்தப் புகழை நம்பித்தான் தம்பியின் மகள் சாருஜா ஆறு காஸ்கேட் வேர்களைக் கொண்டுவந்து தந்தாள். அவள் சிறிய பியர் ஆலை ஒன்றில் வேலை செய்பவள். காஸ்கேட் என்பது ஹொப்ஸில் ஒரு வகை. பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற கொடி. பூவைக் கசக்கினால் தோடம்பழத் தோலை மூக்குக்குள்ளேயே பிழிந்தது போலிருக்கும். ஜூன் கடைசிச் சனிக்கிழமைக்குள் ஆறு கொடியும் மூன்று மீட்டர்க் கயிற்றின் உச்சியைத் தொட்டால், அவள் தன் சொந்தப் பியரைக் காய்ச்சலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம்தான்.

எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அவள் சொல்லத் தொடங்கினாள். நான் கையமர்த்தினேன். பயற்றை ஏற்றியவனுக்கு இதெல்லாம் ஒரு கொடியா?

மாலையில் சுற்றிவிடுவேன். காலையில் ஆறும் கழன்று கிடக்கும். ஒரு கிழமை இப்படியே போனது. இன்னும் இரண்டு கிழமைதான் மிச்சம். பக்கத்துத் துண்டுக்காரர் குணசேகரத்தின் மேல் சந்தேகம் வந்தது. பியர் என்று காதில் விழுந்தாலே வாய் கொப்பளிக்கிற சைவப்பழம் அவர். நேரே போய்க் கேட்டேன்.

"ஏன் காணும், என்ர கொடியை அவிழ்க்கிறீர்?"

"அண்ணை, அந்தச் சாமானைத் தொட்டா நான் தலையில தண்ணி வார்க்க வேணும். கதிரையைப் போட்டு நீங்களே காவல் இருங்கோ."

இருந்தேன். தன்மேல் பிழையில்லை என்று காட்ட அவரும் கதிரையோடு வந்தார். காற்று அசையவில்லை. கழன்ற கொடியொன்றின் நுனி ஏரியைப் பார்த்தபடி இருந்தது. ஒரு கோப்பைத் தேநீர் குடித்து நிமிர்ந்தால் அது மலையைப் பார்த்தது. இன்னொரு கோப்பை முடிந்தபோது குணசேகரத்தைப் பார்த்தது. கண்ணில்லாத ஒன்று எதையோ தேடிக்கொண்டிருந்தது. தூக்கத்திலும் வாய் ஓயாத நான் இரண்டு மணித்தியாலம் மூச்சுக் காட்டவில்லை. நுனி மெல்லக் கயிற்றில் பட்டது. பட்டதும், நான் சுற்றி வைத்ததற்கு நேர் எதிர்ப்பக்கமாக வளைந்து பற்றிக்கொண்டது.

குணசேகரம் எழுந்து செருப்பைக் கழற்றினார்.

"அண்ணை, இது கயிற்றை வலம் வருது. நீங்கள் இவ்வளவு நாளும் இடமாச் சுத்தி வைச்சிருக்கிறியள்."

கோயிலில் நாங்கள் மூலஸ்தானத்தைச் சுற்றுகிற அதே பக்கம்! பயற்றங்கொடி மறுபக்கம் சுற்றுவதை இந்த அறுபத்தேழு வயதுவரை நான் கவனித்ததேயில்லை. மிச்ச ஐந்தையும் குணசேகரமே தன் கையால் வலமாக ஏற்றிவிட்டார். பிறகு ஒரு நாளைக்கு ஒரு சாண் வளர்ந்தது. இது என் புளுகு இல்லை, அவர் நாடா வைத்து அளந்தது. என் கண்ணுக்கு ஒரு பனை.

சனிக்கிழமை காலை முதலாளியும் சாருஜாவும் வந்தார்கள். ஐந்து கொடி உச்சியைத் தொட்டிருந்தன. ஆறாவது இரண்டு விரல் குறைவு. சாருஜாவின் முகம் செத்துப்போனது. முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார். நாள் இன்னும் முடியவில்லை என்று சொல்லி, கவிழ்ந்து கிடந்த வாளியில் உட்கார்ந்துகொண்டார். குணசேகரமும் கதிரையோடு வர, நாங்களும் உட்கார்ந்தோம். நான் பேர்ண் வரை நீளும் பயற்றங்காயைப் பற்றித் தொடங்கினேன்.

"பெரியப்பா, பேசாம இருங்கோ. அது ஏறுது."

நாலு பேரும் அண்ணாந்தபடியே இருந்தோம். மூன்று மணிக்குச் சற்று முன் நுனி உச்சியைத் தொட்டது. முதலாளி எழுந்து சாருஜாவிடம் கையை நீட்டினார். அவள் அதைக் காணவேயில்லை. கயிறு முடிந்த இடத்திலும் கொடி நிற்காமல், ஒன்றுமில்லாத வானத்தைச் சுற்றத் தொடங்கியிருந்தது.