பரளச்சி என்று போர்டு போட்ட பஸ்

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாகவே அருப்புக்கோட்டையில் இருக்கும் என் உரக்கடைக்கு நடந்து வந்தது. வியாபாரம் மந்தமானால் கதை எழுதுவேன். (மழை பொய்த்த வருஷங்களில் நிறைய எழுதியிருக்கிறேன்.) பருத்தி விதை வாங்க வந்த பரளச்சி முனீஸ்வரி, விதையை மறந்து ஒரு பஸ்ஸைத் திட்டித் தீர்த்தாள்.

2
'வானம் பார்த்த பூமியில் விடியலின் முதல் கீற்று…'

சீ, நடந்தது மத்தியானம்.

'எழுத்தறிவு என்பது ஒரு சமூகத்தின்…'

இதை எவன் படிப்பான்? நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

நாற்பதைத் தாண்டிய முனீஸ்வரி, சுகப்பிரியா என்ற பெண் சாயங்காலம் நடத்தும் வகுப்பில் எழுத்துப் படித்தாள். பரீட்சையன்று காலையில் ஒரு வேலையாக அருப்புக்கோட்டை வந்தாள். மத்தியானம் பரளச்சிப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் டிரைவர் மூஞ்சியைப் பார்த்துத்தான் பஸ் ஏறுவோம். போர்டை யார் பார்த்தார்கள்? முனீஸ்வரி பார்த்தாள். யாரையும் கேட்காமல், எழுத்துக் கூட்டி, 'பரளச்சி' என்று படித்து ஏறிவிட்டாள். அது முந்தின டிரிப் போர்டு. கண்டக்டர் திருப்பிப் போடவில்லை. கூட்டத்தில் இலவச டிக்கெட்டையும் ஊரைக் கேட்காமலே கிழித்துக் கொடுத்துவிட்டார். இவளோ வழிநெடுகக் கடை போர்டுகளைப் படித்துக்கொண்டே போனதில் ரோடு மாறினதைக் கவனிக்கவில்லை. பஸ் பந்தல்குடியில் போய் நின்றது.

"போர்டையெல்லாமா நம்புவாக? ஆளக் கேட்டு ஏற வேண்டாமாத்தா?" என்றாராம் கண்டக்டர்.

பரீட்சை போச்சு. வீட்டுக்காரர் கோட்டைச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார்: "படிக்காதப்ப ஒழுங்கா ஊரு வந்து சேந்த!"

விட்டுப்போனவர்களுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி பரீட்சை என்று சுகப்பிரியா கெஞ்சியிருக்கிறாள். முனீஸ்வரி மசியவில்லை.

"போதும் அண்ணாச்சி. இனிமே எழுத்தும் வேணாம், ஒரு எழவும் வேணாம். வாயிருக்கு, கேட்டு ஏறிக்கிறேன்."

எனக்கு மனசே ஆறவில்லை.

3
முடிவு (அ): கண்டக்டர் மனமிரங்கி பஸ்ஸைத் திருப்ப, முனீஸ்வரி ஓடிப்போய்ப் பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கினாள்.

முடிவு (ஆ): பந்தல்குடி ரோட்டில், லாரிகள் பறக்க, அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

(ஆ)வில்தான் இலக்கியம் இருப்பதாகப் பட்டது. தாளின்மேல் எடைக்கல்லை வைத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனேன்.

4
மறந்த விதைக்காக மறுநாள் வந்தாள். கல்லாப்பெட்டி ஓரம் கிடந்த அந்தத் தாளில் அவள் விரல் நின்றது.

"இது எம் பேருல்ல?"

எடைக்கல்லை நகர்த்தினாள். விரல் வரிவரியாக நகர்ந்தது. பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது.

"நான் எங்க அண்ணாச்சி அழுதேன்? கண்டக்டரத்தான் அழ வச்சேன்! போர்டத் திருப்புன பெறகுதான வண்டிய எடுக்கவே விட்டேன்!"

"கதைக்காகத்தான்…"

"மொத மார்க்காம்ல! எழுதாத பரீட்சைக்கு எவுக மார்க்குப் போட்டாக?"

"நீதான் எழுத்தே வேணாம்னியேத்தா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நான் படிக்காட்டி நீங்க பாட்டுக்கு என்னய அழ வச்சிருவீகளே!"

என் பையிலிருந்த பேனாவை உருவி இரண்டு முடிவுகளையும் அடித்தாள். "ஞாயித்துக்கெழம பரீட்சை எழுதிட்டு வாரேன். மிச்சத்த நானே எழுதுறேன். அதுவரைக்கும் கை வைக்காதீக."

பேனாவோடு போய்விட்டாள். விதைப்பை மறுபடியும் கல்லாவிலேயே கிடக்கிறது.

5
(இதை மகளின் பென்சிலால் எழுதுகிறேன்.) முடிவு என் கையில் இல்லை. அவளுக்காகக் கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். அவசரப்படாமல், விரல் வைத்து, நீங்களும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

…………………………

…………………………