லோகு வந்த வெள்ளிக்கிழமை

பூரணிக்கு அண்ணியைப் பிடிக்காமல் போனதற்கு அண்ணி ஒரு குற்றமும் செய்யவில்லை. அதுதான் பெரிய தொந்தரவு. குற்றம் என்று ஒன்று இருந்தால் அதைச் சொல்லித் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

அண்ணன் ஆண்டியப்பன் தை மாதத்தில் ஜீவராணியைப் பூண்டுலோயாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்தான். வந்த கையோடு அவளைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் விட்டுவிட்டுக் கொழும்புக் கடை வேலைக்குத் திரும்பிவிட்டான். அதுவரை அந்தத் தோட்டத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் பூரணிதான். ஹட்டன் டவுனில் முதலாளி லக்ஸ்மன் சேரின் கம்ப்யூட்டர் சென்டரில் கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் டைப் செய்வாள். வழியில் பார்க்கிறவர்கள் “கம்ப்யூட்டர் புள்ள போகுது” என்று வழிவிடுவார்கள். இப்போது அண்ணியும் ஏதோ கோர்ஸ் முடித்தவளாம். ஒரே வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் புள்ளைகள் என்றால் பழையவளை யார் பார்ப்பார்கள்?

மாசித் திருவிழாவுக்கு முன்னால் கோயில் கமிட்டித் தலைவர் பொன்னையா வீட்டுக்கு வந்தார். கொழும்பிலும் கட்டாரிலும் இருக்கிற நம்ம பிள்ளைகள் அம்மனைப் பார்க்க ஒரு வெப்சைட் வேண்டும் என்றார். பூரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவரோ பிளேன்டீயை வாங்கிக்கொண்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

“நீ படிச்சிருக்கியாமேம்மா, செஞ்சு குடுப்பியா?”

“கத்துக்குட்டிதாங்க தலைவரே. செஞ்சு பாக்குறேன். பூரணி இருக்கில்ல, சொல்லிக் குடுக்கும்” என்றாள் அண்ணி.

பூரணிக்குச் சும்மா போகிறவளைக் கூப்பிட்டுப் பிச்சை போட்டது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டரில் கூட்டம் இருக்காது. அண்ணி பூரணிக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து வேலை செய்ய லக்ஸ்மன் சேர் விட்டிருந்தார். அவள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த டெம்ப்ளேட் ஒன்றை எடுத்திருந்தாள். ஆயத்தமாக இருக்கிற பக்கம் அது. எழுத்தையும் படத்தையும் நம்முடையதாக மாற்றிக்கொண்டால் போதும். எழுத்தெல்லாம் மாறிவிட்டது. மேலே இடது மூலையில் இருந்த லோகோ மட்டும் மாறவில்லை. எந்த நாட்டுக் கடையினுடையதோ, ஆவி பறக்கிற ஒரு கோப்பிக் கோப்பை.

எட்டிப் பார்க்க வந்த பொன்னையாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

“அம்மன் தலைக்கு மேல கோப்பிக் கோப்பையா? தேயிலத் தோட்டத்துக்காரன் மானமே போச்சு.”

“லோகோவ மாத்தணும் தலைவரே. அது ஒண்ணுதான் பாக்கி.”

“எந்த லோகுவ? மேக்கணக்கு லயத்து லோகேஸ்வரியவா? அவ என்னம்மா செஞ்சா, பாவம்!”

அண்ணி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். லக்ஸ்மன் சேரும் சிரித்தார். பூரணிக்கும் சிரிப்பு வந்தது. அண்ணி சிரிக்கிறாளே என்று அடக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அது லோகுதான்.

அண்ணி முட்டி மோதினாள். கோப்பையை அழித்தால் பக்கம் முழுவதும் கீழே சரிந்தது. அதன்மேல் வேறு படத்தை ஒட்டினால் கோப்பையின் கைப்பிடி காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் அவளே கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்துக்குப் படம் எதுவென்று தெரியாது, படத்தின் பெயர்தான் தெரியும். படங்கள் இருக்கிற பெட்டிக்குள் கோப்பையை எடுத்துவிட்டு அம்மனின் சூலத்தை அதே பெயரில் வைத்தால் போதும். எலுமிச்சம்பழம் குத்திய சூலத்தை அளவாக வெட்டி, லோகோ என்று ஆங்கிலத்தில் பெயர் அடித்தாள். முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட்டாள்.

பூரணி திரும்பிப் பார்த்தாள்.

“சாமி படமில்லையா, அதுதான் பெரிய எழுத்துல போட்டேன்” என்றாள் அண்ணி, கேட்காமலே. “அம்மன் பேர யாரு சின்ன எழுத்துல எழுதுவாங்க?”

டெம்ப்ளேட்டில் இருந்தது சின்ன எழுத்து. சென்டரின் மெஷின் அதைப் பொருட்படுத்தாது. சூலம் அழகாக மூலையில் வந்து நின்றது. ஆனால் இணையத்தில் ஏற்றினால் வராது. போன வருடம் ஒரு தனியார் வகுப்புக்குப் பக்கம் செய்தபோது இதே தவறுக்காக லக்ஸ்மன் சேரிடம் பூரணி பேச்சு வாங்கியிருக்கிறாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அது நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள்.

பக்கம் ஏறி முடிந்ததும் டெலிபோன் லைன் அறுந்துவிட்டது. “பரவாயில்ல, இங்கதான் சரியா வந்திருச்சே” என்று அண்ணி பையைத் தூக்கிக்கொண்டாள்.

மறுநாள் சென்டரில் யாருமில்லாத நேரம் பார்த்துப் பூரணி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சூலம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டமும் அதற்குள் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும். வாயில் சர்க்கரை போட்டது போல இருந்தது. பின்னால் யாரோ நிற்பதாகத் தோன்றித் திரும்பினாள். சுவரில் மாரியம்மன் காலண்டர்தான் தொங்கியது. பக்கத்தை மூடினாள்.

வீட்டில் அந்த வாரம் முழுவதும் அண்ணி புராணம்தான். அம்மா ராசம்மா கொழுந்து எடுக்கப் போகிற மலையிலெல்லாம் மருமகள் பெருமை. புதன்கிழமை பொன்னையா வாசலில் நின்றே சொன்னார்: “இந்த வருசம் மொத பால்குடம் ஒங்க மருமகதான் ராசம்மா. வெள்ளிக்கெழம கமிட்டி சென்டருக்கு வந்து பாக்கட்டும், அங்கயே சொல்லிருவோம்.”

மூன்று வருடமாக முதல் பால்குடம் எடுத்தவள் பூரணி. அண்ணி “ஐயோ, அது பூரணியோடது” என்று ஏதோ சொன்னாள். பூரணி அதைக் காதில் வாங்கவில்லை. சரி, வெள்ளிக்கிழமை வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். எல்லார் முன்னாலும் அந்தக் கட்டம் திறக்கட்டும். அப்புறம் எந்த முகத்தோடு குடம் எடுப்பாள்?

வெள்ளிக்கிழமை நல்ல மழை. கமிட்டி வருவதற்கு முன்பே அண்ணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். மடியில் பொத்திக் கொண்டுவந்த ரொட்டியைப் பூரணியின் மேசையில் வைத்தாள். “காலையில சாப்பிடாம வந்துட்ட.”

பூரணி பொட்டலத்தைத் தொடவில்லை. அவசரமான கல்யாணக் கார்டு ஒன்று கையில் இருந்தது. பெண்ணின் அப்பா சின்னத்தம்பி, பண்டாரவளைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தார். பழைய கார்டு ஒன்றைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றியிருந்தாள். அச்சடித்து அவர் கையில் கொடுக்கப் போனபோது அண்ணி மெல்ல அவள் தோளைத் தொட்டாள். குனிந்து, பொட்டலத்தை நகர்த்துவது போல, காதுக்குள் சொன்னாள்.

“பூரணி, ரெண்டாவது வரி.”

பூரணி பார்த்தாள். ‘காலஞ்சென்ற சின்னத்தம்பி அவர்களின் அன்பு மகள் தயானி’ என்றிருந்தது. பழைய கார்டில் இருந்த சொல், அழிக்கப்படாமல் அப்படியே நின்றது. உயிரோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மனிதர், மகள் கல்யாணக் கார்டில் செத்துப்போயிருந்தார்.

பூரணி தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“என்னம்மா, முடிஞ்சிச்சா?” என்றார் சின்னத்தம்பி.

“மை கொஞ்சம் மங்கலா இருக்குங்க மாமா, பூரணி நல்லதா ஒண்ணு எடுத்துத் தரும்” என்றாள் அண்ணி. அந்தத் தாளைத் தானே வாங்கி நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். லக்ஸ்மன் சேர் தலை நிமிரவில்லை. புதிய தாளோடு சின்னத்தம்பி சந்தோஷமாக மழையில் இறங்கிப் போனார்.

அண்ணி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ரொட்டி ஆறிருச்சு, சாப்பிடு” என்றாள், அவ்வளவுதான்.

அதுவும் பூரணிக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. இதையாவது எல்லோரும் கேட்கச் சொல்லிக் காட்டியிருக்கக் கூடாதா? நல்லவளாக இருப்பதிலும் அண்ணியே முந்திக்கொள்ள வேண்டுமா? ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள். தன் தவறுக்கு அண்ணி குனிந்த அதே மேசையில், அண்ணியின் தவறைப் பார்த்துக்கொண்டு தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. வெளியே பொன்னையாவின் குரல் கேட்டது. யாரோ குடையை உதறினார்கள்.

“அண்ணி” என்றாள் பூரணி. “சூலம் வராது.”

“என்னது?”

“சின்ன எழுத்துல பேரு வைக்கணும். எனக்கு ஞாயித்துக்கெழமயே தெரியும்.”

அண்ணி அவளையே ஒரு கணம் பார்த்தாள். அந்தக் கடைசி வார்த்தையை அவள் கேட்காமல் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஏன் வராது, சொல்லு” என்றாள்.

“அம்மா பேரு பெரட்டுல என்ன?”

“ராமம்மா.” தோட்டத்துப் பதிவில் யாரோ ராசம்மாவை ராமம்மா என்று எழுதிவிட்டது வீட்டில் பழைய கதை. முதல் நாள் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, கணக்கப்பிள்ளை ராமம்மா என்று கூப்பிட, அம்மா யாரையோ என்று பேசாமல் நின்று அன்றைய பேரை, அதாவது சம்பளத்தை, இழந்தாள்.

“இன்டர்நெட்டும் அந்தக் கணக்கப்பிள்ள மாதிரிதான். எழுதியிருக்கிறபடிதான் கூப்பிடும். அம்மன் முன்னாலேயே நின்னாலும், பேரு கொஞ்சம் மாறினா ஆளு வரலன்னு எழுதிரும்.”

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. “சின்ன எழுத்துல கூப்பிட்டா அம்மன் கோவிச்சுக்க மாட்டாளே?”

“லயத்துக்கே வர்றவ. சின்ன எழுத்துக்கு வர மாட்டாளா?”

லக்ஸ்மன் சேர் லைனைப் பிடித்துக் கொடுத்தார். அண்ணி பெயரை மாற்றி ஏற்றி முடிக்கவும் கமிட்டிக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் செருப்போடு நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை, அம்மன் வரப்போகிறாள் அல்லவா. பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. முதலில் எலுமிச்சம்பழம் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சூலம் கீழே இறங்கியது.

“லோகு வந்துட்டா!” என்று கத்திவிட்டு, பொன்னையா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பூரணி சொல்லலன்னா வந்திருக்க மாட்டா தலைவரே” என்றாள் அண்ணி.

பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, என்றுமே சொல்லவில்லை.

திருவிழா அன்று முதல் பால்குடம் அண்ணிக்குத்தான். பூரணிக்கு உள்ளே அப்போதும் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரே நாளில் போகிற வலி இல்லை அது. அண்ணி சும்மாட்டை வைத்துக்கொண்டு யாரையோ தேடினாள்.

“பூரணி, நீதான் தூக்கி வையி. எனக்குப் பழக்கமில்ல, சிந்திருவேன்.”

பூரணி இரண்டு கைகளாலும் குடத்தை எடுத்தாள். அம்மனைப் பார்த்தாள், பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டும் சிந்தாமல் அவள் தலையில் இறக்கி வைத்தாள். அது சரியாக உட்காருகிறவரை கையை எடுக்கவில்லை.