மடிக்காய்

ஏலத்தோட்டத்தில் எடுத்த காய் கூடைக்குத்தான் போகவேண்டும். கூடை நிறைந்தால் சாக்குக்கு. மடியில் ஒற்றைக் காய் கிடந்தாலும் அது களவு. இதை யாரும் எழுதி ஒட்டியதில்லை. வேலைக்கு வந்த அன்றே கங்காணி சொல்லிவிடுவான். அதற்குப் பிறகு மடியில் வெற்றிலை முடிந்துகொள்ளக்கூடப் பெண்கள் யோசிப்பார்கள்.

செல்லத்தாய்க்கும் தெரியும். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெரியகருப்பன் முதலாளி தோட்டத்தில்தான் காய் எடுக்கிறாள். புருசன் ஒச்சப்பனுக்குக் காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பெரிக்கிற வேலை. தோட்டக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு அறை. எழுபத்தெட்டில் போடியிலிருந்து கேமராக்காரர்கள் வந்துபோகத் தொடங்கும்வரை அவள்மேல் ஒரு பிராது கிடையாது.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள், முதலாளியின் ஜீப்பிலேயே. முதலாளியின் அக்கா மகன் உக்கிரபாண்டி, போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவன். பேங்கில் வேலை பார்க்கிற ராக்கையா. இன்னும் நாலைந்து பேர். எல்லாரிடமும் கழுத்தில் கேமரா தொங்கும். எடுத்த படங்களைக் கழுவி, மண்டி மாடியில் கூடி ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள். காய் எடுப்புக் காலத்தில் தோட்டத்துப் பெண்களான எங்களுக்கு ஞாயிறு லீவு இல்லை. அட்டை உறிஞ்சுகிற காலைச் சொறிந்துகொண்டு நாங்கள் குனிந்து கிடக்க, அவர்கள் வெளிச்சம் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அன்றைக்கு உக்கிரபாண்டி செல்லத்தாய்க்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"கூடை மறைக்குது. கழட்டி வை. காய மடியில அள்ளிப் போட்டுக் கட்டு. மடி நெறஞ்சு தெரியணும்."

அவள் கங்காணி மொக்கையனைப் பார்த்தாள். அவன் உக்கிரபாண்டியின் கேமராப் பையைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே நின்றான்.

"ஐயா சொல்றாகல்ல. போடு, வெரசா."

போட்டாள். "என்னையப் பாக்காத, நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்க" என்று உக்கிரபாண்டி சொல்லிச் சொல்லி எடுத்தான். முடிந்ததும் அவள் மடியை உதறிக் காயைக் கூடையில் கொட்டினாள். வேலை முடிந்தது, மறந்துவிட்டாள்.

கேமராக்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் படங்களை மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள். ஆகச் சிறந்த ஒன்றை மெட்ராசுக்குப் போட்டிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆளை நிறுத்திவைத்து எடுத்த படம் சேராது. நடக்கிறதை நடக்கிறபடி எடுத்திருக்க வேண்டும். முதலாவதாகத் தேர்வான செல்லத்தாய் படத்துக்குக் கீழே "மலைமகள்" என்று எழுதியிருந்தது. திறந்துவைத்தது பெரியகருப்பன் முதலாளி. அவர் மலைமகளின் முகத்தைப் பார்க்கவில்லை, மடியைப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற இன்னொரு தோட்டக்காரர் சிரித்தார். "ஏப்பா, ஒங்க தோட்டத்துல களவாங்குறதக்கூடப் படம் பிடிச்சு மாட்டுவீகளோ?"

முதலாளி மருமகனைக் கேட்டார். "இது எப்படி எடுத்த?"

"அவளுக்கே தெரியாம எடுத்தது மாமா" என்றான் உக்கிரபாண்டி. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் பெருமையாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மொக்கையன் லயத்துக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையைக் காலி பண்ண வேண்டும், தோட்டத்தில் இனி அவளுக்கு வேலை இல்லை என்றான். ஒச்சப்பன் வேலை பார்க்கலாம், ஸ்டோரிலேயே படுத்துக்கொள்ளலாம்.

"நீதான பக்கத்துல நின்ன? போடுன்னு நீதான சொன்ன?" என்றாள் செல்லத்தாய்.

"நான் அங்கிட்டுச் சாக்குக் கட்டிக்கிட்டிருந்தேன்."

"பையத் தூக்கிக்கிட்டு நின்ன."

"மடியில கனம் இருக்கவதான் இப்படிக் கத்துவா" என்று மற்ற அறைகளுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். காயை மடியில் போட விட்டவன் தானென்று தெரிந்தால் கங்காணி வேலை போய்விடும்.

அன்று சாயங்காலத்திலிருந்து சோதனை. வேலை முடித்து வருகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, மொக்கையன் முந்தியை அவிழ்க்கச் சொன்னான். கையை விட்டும் பார்த்தான். அடுத்த அறைச் சோலையம்மாள் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து செல்லத்தாய் வாசலில் நின்றாள்.

"நீ பல்லைக் காட்டிக்கிட்டு நின்ன. இன்னைக்கு எங்க மடியில அவன் கைய விடுறான். நல்லாருப்படி."

"அவுக போடச் சொன்னாகடி."

"சொன்னா, சேலைய அவுக்கச் சொன்னாலும் அவுப்பியா?"

உள்ளே ஒச்சப்பன் அகப்பையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தான். "நீ சிலமலைக்கு ஒங்கண்ணன் வீட்டுக்குப் போ. நான் இங்க இருக்கேன். ரெண்டு பேரு வேலையும் போயிறக் கூடாது" என்றான்.

மறுநாள் சரக்கு ஏற்றிப் போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கி, நேராக மண்டி மாடிக்குப் போனாள். கயிற்றில் துணி காயப்போட்ட மாதிரி படங்கள் தொங்கின. மேசையைச் சுற்றி அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை இடத்தில் ஒரு டாக்டர்.

"யாரும்மா நீ?"

"அந்தப் படத்துல இருக்கவ."

உக்கிரபாண்டி எழுந்துவிட்டான். "எதுனாலும் மாமாட்டப் போய்ப் பேசு. இங்க எதுக்கு வந்த?"

"நீங்கதான் காய மடியில போடச் சொன்னீக. அத மொதலாளிட்டச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

ராக்கையா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். அவனுடைய படம்தான் இரண்டாவது இடத்தில் இருந்தது. "இருங்கண்ணே, பேசட்டும். அக்கா, இவரு போடச் சொன்னாரா? கூடையக் கழட்டச் சொன்னாரா?"

"ஆமா. என்னையப் பாக்காதன்னும் சொன்னாரு."

"டாக்டரே, அந்த ரோல் பூராத்தையும் வாங்கிப் பாருங்க."

டாக்டர் கையை நீட்டினார். உக்கிரபாண்டி தரமாட்டேன் என்றான். பிறகு வேறு வழியில்லாமல் அலமாரியிலிருந்து பிலிம் துண்டுகளை எடுத்து மேசையில் எறிந்தான். டாக்டர் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு கட்டத்தில் இடுப்பில் கூடை. அடுத்ததில் கூடை தரையில், அவள் கை காயை அள்ளிக்கொண்டிருந்தது. அதற்கடுத்து மடி.

"படிப்படியா இருக்கு. சொல்லித்தான்யா எடுத்திருக்க" என்றார் டாக்டர். "இது போகாது. ராக்கையா படம் போகட்டும்."

ராக்கையா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளங்கையால் வாயைத் துடைத்தான்.

"அதெல்லாம் எனக்கு வேணாம்" என்றாள் செல்லத்தாய். "இந்தப் பிலிமை எடுத்துக்கிட்டு மொதலாளிட்ட வாங்க. என் வீடு போகுது."

டாக்டர் பிலிமை உறைக்குள் செருகினார். "அது தோட்டத்து விவகாரம்மா. நாங்க தலையிட்டா நல்லா இருக்காது."

"இவ்வளவு நேரம் தலையிட்டீகளே."

"அது போட்டி விசயம்" என்றான் ராக்கையா.

முதலாளி ஜீப்புத் தராவிட்டால் அவர்கள் மலை ஏற முடியாது. அது எல்லோர் மூஞ்சியிலும் எழுதியிருந்தது. செல்லத்தாய் படியிறங்கும்போது உக்கிரபாண்டி பின்னாலேயே வந்து, "சனியன், மெட்ராசு போறதக் கெடுத்துட்ட" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பண்டபாத்திரத்தைச் சாக்கில் கட்டி, பானையைத் தலையில் வைத்துக்கொண்டு லயத்தை விட்டு இறங்கினாள். ஒச்சப்பன் ஸ்டோரிலிருந்து வெளியே வரவில்லை. பங்களாவுக்குக் கீழே வளைவில் ஜீப்பு எதிரே வந்தது. பாதையில் ஒரு வண்டி போகத்தான் இடம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு.

ராக்கையா பாதி உடம்பை வெளியே நீட்டிக் கேமராவைத் தூக்கினான். "அக்கா, அப்படியே வாங்க. எங்களப் பாக்காதீக."

அவள் நின்றாள். பானையை இறக்கிப் பாதை நடுவில் வைத்தாள். சாக்கைப் போட்டாள். அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏய், வழிய விடு" என்றான் உக்கிரபாண்டி.

"மொதலாளிட்டச் சொல்லுங்க. அப்புறம் விடுறேன்."

"சுருளி, வண்டிய எடுறா."

டிரைவர் சுருளி எஞ்சினை அணைத்தான். "ஆளு மேல ஏத்தணும்னா நீங்க வந்து ஓட்டுங்க."

உக்கிரபாண்டி எட்டி ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். காய் எடுத்துக்கொண்டிருந்த நாங்கள் தலையைத் தூக்கிப் பார்த்தோம். பங்களாவிலிருந்து முதலாளி கைலியோடு இறங்கி வந்தார், பின்னால் மொக்கையன்.

"என்ன சத்தம்?"

மரங்களுக்கு ஊடே சாய்ந்து விழுந்த வெயிலை உக்கிரபாண்டி ஒருதரம் பார்த்தான். அது கொஞ்ச நேரம்தான் நிற்கும். "ஆமா மாமா, நான்தான் மடியில போடச் சொன்னேன். படத்துக்காக. அவ களவாங்கல. போதுமா? இப்ப இவள எந்திரிக்கச் சொல்லுங்க, வெளிச்சம் போகுது."

எல்லோருக்கும் கேட்டது. மொக்கையன் தரையைப் பார்த்தான்.

முதலாளி வேட்டியை மடித்துக்கட்டுகிற மாதிரி கைலியைத் தூக்கிக் கட்டினார். "சரி. அவன் சொன்னா நீ போட்டுருவியா? நாளைக்கு இன்னொருத்தன் சாக்கத் தூக்கிட்டு வான்னுவான். அந்த அறைய நேத்தே வேற ஆளுக்குச் சொல்லியாச்சு. போ."

"அப்ப வண்டியும் போகாது" என்றாள் செல்லத்தாய்.

மொக்கையன் அவள் தோளைப் பிடிக்க வந்தான். மேலே தோட்டத்துக்குள்ளிருந்து சோலையம்மாள் குரல் கேட்டது. "கைய வைடா பாப்போம். வச்சுப் பாரு." அவளுக்குப் பின்னால் நாங்களும் கூடையோடு எழுந்து நின்றோம். மொக்கையன் கையை இழுத்துக்கொண்டான். வேலை நேரத்தில் எழுந்து நிற்கிற பெண்களை முதலாளி ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். எங்கள் மூஞ்சிகளை அவர் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு திரும்பிப் பங்களாவுக்கு ஏறிப் போனார்.

சுருளி பாறையில் சாய்ந்து பீடி பற்றவைத்தான். உக்கிரபாண்டி வண்டிக்குள் உட்கார்ந்து கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இருந்தான். சாய்ந்து விழுந்த வெயில் சுருங்கி, நிமிர்ந்து, கடைசியில் மலைக்குப் பின்னாலிருந்து மஞ்சு மூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடியது.

"போச்சு" என்றான் ராக்கையா. கேமராவை உறையில் போட்டு மூடிப் பொத்தானை மாட்டினான்.

சுருளி வண்டியைப் பின்னாலேயே எடுத்து, அகலமான இடத்தில் திருப்பினான். அது இறங்கிப் போகிற சத்தம் தேய்ந்தபிறகுதான் செல்லத்தாய் எழுந்தாள். சேலையை உதறி இழுத்துச் செருகி, சாக்கைக் கையில் எடுத்து, பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அதே பாதையில் சிலமலைக்கு நடந்தாள்.