மைனஸ் பூஜ்யம்

வானத்தையே கட்டிக் காக்கிற அலுவலகம் என்று பேர். அவள் அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. உலகத்துத் தொலைநோக்கிகள் எடுத்த படங்களெல்லாம் பக்கத்து அறைக் கணினிகளில் காப்பகமாகக் கிடந்தன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் வந்து தேடிக்கொள்ளலாம். தேடும்போது என்னென்ன கோளாறு வரும், வந்தால் எப்படிச் சுற்றிக்கொண்டு போவது என்று ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது அவள் வேலை. 'அறிந்த குறைகளும் மாற்றுவழிகளும்' என்று தலைப்பு. அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் குறைக்காரி என்று பெயர். ஊரில் எல்லாரும் சும்மாவே குறை சொல்கிறார்கள், இவள் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறாள் என்று கேலி வேறு.

மொத்தம் நாற்பத்தொரு குறை. பெயருக்கு நடுவே இடம் விட்டால் தேடல் செத்துப்போகும். மாற்றுவழி, இடம் விடாதீர்கள். பெரிய கோப்பு பாதியில் நின்றுவிடும். மாற்றுவழி, மறுபடி அழுத்துங்கள். எதையும் சரிசெய்வது மட்டும் கிடையாது. கூரை ஒழுகினால் கீழே பாத்திரம் வைக்கிற கதைதான். "புது மென்பொருள் வரப்போகுதும்மா, அப்ப பார்த்துக்கலாம்" என்பார் மேலாளர். அது வந்தபாடில்லை.

அன்று காலை அவள் தம்பி மடிக்கணினியோடு வந்தான். ஐந்து வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறவன். இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. அடுத்த வாரம் தேர்வுக் குழுவின் முன்னால் நிற்க வேண்டும், மூன்றாவது முறை அவகாசம் என்று ஒன்று இல்லை. கண்ணு பட்டுவிடும் என்று ஆய்வை அக்காவிடம்கூடக் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தவன், ஆய்வேட்டைக் கொடுத்துவிட்ட தெம்பில் இப்போதுதான் காட்ட வந்திருந்தான்.

"இப்பவாவது பாருக்கா. அம்பது வருஷத்துக்கு முந்தின படத்துல இருக்கு, உங்க படத்துல இல்லை. இருபத்து மூணு நட்சத்திரம் காணாமப் போயிருக்கு! அதுவும் எல்லாம் ஒரே பட்டையில. அங்க ஏதோ ஒண்ணு முழுங்கிட்டிருக்கு."

அவள் அந்த நட்சத்திரங்களின் பட்டியலைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியும் மைனஸ் பூஜ்யத்தில் தொடங்கியது. பதினேழாவது குறை.

வானத்துக்கு ஒரு நடுக்கோடு உண்டு. அதற்கு மேலே இருப்பது பிளஸ், கீழே இருப்பது மைனஸ். டிகிரி, நிமிடம், நொடி என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் காப்பகத்தின் மென்பொருள் வாங்கிக்கொள்ளும். ஆனால் கோட்டுக்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்காத இடத்தில் டிகிரி பூஜ்யம்தானே? பூஜ்யத்துக்கு எதற்கு மைனஸ் என்று அந்தப் புத்திசாலி குறியைத் தூக்கி எறிந்துவிடும். கோட்டுக்குக் கீழே தேடச் சொன்னால் மேலே போய்த் தேடிவிட்டு, இல்லை என்று கையை விரிக்கும்.

"முதல் நட்சத்திரத்தை மூணாப் பிரிக்காம, மைனஸ் பூஜ்யம் புள்ளி இத்தனைன்னு ஒரே எண்ணா அடி."

"எதுக்கு?"

"அடிடா."

அடித்தான். நட்சத்திரம் தன் இடத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதை அடித்தான், அதுவும் வந்தது. ஏழாவதில் அவள் "போதும்டா" என்றாள். அவன் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றாக இருபத்து மூன்றையும் அடித்துப் பார்த்தான். ஒன்றாவது இல்லாமல் போகட்டும் என்று அவளும் மனசுக்குள் கும்பிட்டாள். இருபத்து மூன்றும் இருந்தன.

பிறகு அவனே குறைகளின் பக்கத்தைத் திறந்து, பதினேழாவதை வாய்விட்டுப் படித்தான். "'நடுக்கோட்டை ஒட்டிய சில தேடல்களில் முடிவுகள் சற்றே மாறுபடலாம்.' இதை எப்பவோ படிச்சேன்க்கா. சற்றேதானேன்னு விட்டுட்டேன். யார் எழுதினது, நீயா?"

"நான்தான்."

மூன்று வருடத்துக்கு முன்னால் முதலில் அவள் உள்ளதை உள்ளபடிதான் எழுதினாள்: மைனஸ் குறி தொலைந்துபோகும், தவறான வானம் வரும், இந்தப் பட்டையில் மூன்றாகப் பிரித்துத் தேடவே தேடாதீர்கள். மேலாளர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "இப்படிப் பச்சையா எழுதினா யாரும்மா நம்மளை நம்புவாங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் மாற்றிவிட்டாள்.

"தப்பு உங்க மென்பொருள் மேலன்னு ஒரு கடிதம் வாங்கிக் குடு. காலைப் பிடிச்சாவது ஒரு வருஷம் கேட்டுப் பார்க்கறேன்" என்றான் தம்பி. "கடிதம் இல்லேன்னா நானே இட்டுக்கட்டினேன்னு சொல்லித் துரத்திடுவாங்க."

மேலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பாவம் என்றார், சாயங்காலம் வாங்கிக்கோம்மா என்றார். சாயங்காலம் தந்தார். 'தாங்கள் குறிப்பிடும் குறை எதுவும் இக்காப்பகத்தில் இல்லை.' கையெழுத்து, முத்திரை எல்லாம் பக்காவாக இருந்தன.

அவள் தன் இடத்துக்கு ஓடி, மைனஸ் பூஜ்யம் என்று மூன்றாகப் பிரித்தே அடித்தாள். நட்சத்திரம் வந்தது. பட்டியலில் நாற்பது குறைகளே இருந்தன. பழைய பதினெட்டு பதினேழாகியிருந்தது.

"மூணு வருஷமா புது மென்பொருள் வரட்டும்னீங்களே சார்?"

"பத்து நிமிஷ வேலைதாம்மா. சரியானதைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடணும்ங்கிற விதி நீ எழுதினதுதானே?"

பாவி. இனி தேர்வுக் குழு தேடிப் பார்த்தால் இருபத்து மூன்றும் வந்து நிற்கும். குறை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இருக்காது, தம்பி பொய்யனாவான். அடையாளம் மிச்சமிருந்தது ஒரே இடத்தில்தான்: யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று அலுவலகத்துக்குள் மட்டும் தெரிகிற பதிவேடு. அதை வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும். பதினேழாவது குறையை எழுதிய நாளின் பக்கத்தை அவள் அச்செடுத்தாள்.

அன்று ராத்திரி தம்பி தன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து அதைப் படித்தான். காலை பதினொன்றுக்கு எழுதிய உண்மை, மதியம் மூன்றுக்கு எழுதிய 'சற்றே'. இரண்டுக்கும் எதிரே அவள் பெயர்.

"உன் பேர் மட்டும்தான் இருக்கு."

"அவர் வாயாலதானே சொன்னார்."

"இதைக் காட்டினா உன் வேலை போயிடும்."

"போயிடும்."

பதினெட்டு வருட வேலை. வேண்டாம்க்கா என்று ஒரு தடவையாவது சொல்வான் என்று அவள் உள்ளூர எதிர்பார்த்தாள். பரவாயில்லைடா என்று பதில் சொல்ல வாய்கூடத் தயாராக இருந்தது. அவன் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினான். ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.