தாமாகத் திறந்த குழாய்கள்

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொன்று பத்துக்கு, டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் உள்ள ஒரு பதினேழு மாடிக் கட்டடத்தின் குழாய்கள் அனைத்தும் தாமாகத் திறந்து, ஒரு நிமிடம் ஓடி, நின்றன. அதே நிமிடத்தில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் சத்திரசிகிச்சை நிபுணர் நிலக்சி இரத்தக்குழாயின் இடுக்கியைத் தளர்த்தினார். முன்பின் தெரியாத ஒருவர் இறந்தபின் தந்த சிறுநீரகம், ஒன்பதாம் மாடிக் கமலாம்பிகையின் வயிற்றுக்குள் சாம்பல் நிறம் மாறி இளஞ்சிவப்பாகி, முதல் துளிச் சிறுநீரை விட்டது. பேக்கரியில் பணிஸ் அடுக்கும் வேலை செய்த அவருக்கு அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளாகச் சிறுநீர் போனதில்லை. வாரத்தில் மூன்று நாள் இயந்திரம்தான் இரத்தத்தைக் கழுவியது.

வீடு திரும்பிய பிறகும் அவர் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் கட்டடத்தின் குழாய்கள் திறந்து, அவர் வெளியே வரும்வரை ஓடின. முகாமையாளர் மூன்று தடவை பிளம்பரை அழைத்தார். பிறகு கைகழுவும் தொட்டிகளின் வடிகாலை அடைத்து வைக்க வேண்டாம் என்று லிஃப்டுக்குள் ஓர் அறிவித்தல் ஒட்டி, அத்தோடு விட்டுவிட்டார். திருத்த வேலைக்காகத் தண்ணீரை நிறுத்திய ஒருநாள் எதிர்வீட்டுப் பொன்னம்பலம் கதவைத் தட்டி, "தங்கச்சி, முகமெல்லாம் சவர்க்காரம். ஒருக்காப் போட்டு வாங்கோவன்!" என்றார். கமலாம்பிகை கழிவறைக்குப் போய் வந்தார். தண்ணீர் வந்தது.

ஒவ்வோர் இலையுதிர்காலமும் நிலக்சி அவரை மருத்துவ மாணவர்களின் வகுப்புக்கு அழைத்துப் போனார். மூளைச்சாவை உறுதிசெய்யும் மருத்துவர்கள் மாற்றுச் சிகிச்சைக் குழுவில் இருக்கக் கூடாது, தந்தவர் வீட்டாரும் பெற்றவரும் ஒருவர் பெயரை மற்றவர் அறியக் கூடாது என்று கற்பித்தார். இடையில் கமலாம்பிகை வெளியே போனால் வகுப்பு மூலையின் கைகழுவும் குழாய் ஓடும். மாணவர்கள் அதையும் இரத்த அழுத்தத்துக்குக் கீழே குறித்துக்கொண்டார்கள்.

நன்றி சொல்லத்தான் அவரால் முடியவில்லை. சிறுநீரகம் தந்தவர் வீட்டாருக்கு எழுதிய கடிதம் மூன்று தடவை மருத்துவமனையிலிருந்தே திரும்பி வந்தது. ஒவ்வொன்றிலும் தன் பெயர், கதவிலக்கம், தொலைபேசி எண், ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரச்சொல்லி அழைப்பு. சாப்பிடக் கூப்பிடாமல் எப்படி நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்கும் அடியில் ஒரு பயம் கிடந்தது. தானத்துக்கு ஓம் சொன்னதை நினைத்து அவர்கள் இன்று வருந்துகிறார்களோ? அப்படியானால் தனக்குள் இருப்பது தந்த பொருளா, பறித்த பொருளா?

மூன்றாவது இலையுதிர்கால வகுப்பில் இதை அவர் வாய்விட்டுச் சொன்னபோது, பிரவீனன் என்ற மாணவன் பேனையை எடுத்தான்.

"அன்ரி, சாப்பாட்டை விடுங்கோ. உங்கட ஒரு நாளை எழுதுங்கோ, நான் இங்கிலிஷில போடுறன்."

"என்ர நாளில என்ன கிடக்கு தம்பி? ஆறு மணிக்கு எழும்புறன், பாத்ரூம் போறன்."

"அதைத்தானே அன்ரி அஞ்சு வருசம் செய்யேல்லை."

குழாய்களைப் பற்றியும் எழுதினார்கள். கடிதம் திரும்பி வரவில்லை. ஏழு மாதத்தின் பின் பெயரில்லாத பதில் வந்தது. தங்கள் சமையலறைக் குழாயும் மூன்று ஆண்டுகளாகக் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது, தங்கள் மகன் எழும்பும் நேரம் அது, இனிப் பிளம்பரைக் கூப்பிடப் போவதில்லை, தேநீருக்குக் கெட்டிலைக் குழாயின் கீழே வைத்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

கமலாம்பிகை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆறு மணிக்கே எழும்புகிறார். ஒரு கெட்டில் நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்று தன் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவு நேரம் ஆகும் முன் கழிவறையை விட்டு வெளியே வருவதில்லை.