பஸ்ஸுக்குப் பின்னால் காற்று இல்லை

ஆனி, ஆடி மாதங்களில் துறைமுகத்துக்குச் சைக்கிளில் போய்வருகிறவனுக்குக் காலையில் கஷ்டமே கிடையாது. கச்சான் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போய் கேட்டில் விட்டுவிடும். சாயங்காலம் அதே காற்று மேற்கேயிருந்து வந்து நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். வழியில் ஒதுங்க மரமில்லை, மதிலில்லை. இரண்டு பக்கமும் உப்பளம். பகல் முழுக்கக் கப்பல்மேல் ஏறி, கண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு வருகிறவன், அதற்கப்புறம் காற்றோடும் மல்லுக்கட்ட வேண்டும்.

அந்தக் காற்றுக்கு ஒரு மறைப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் இசக்கியப்பன். கப்பலில் கண்டெய்னர் கட்டுகிற ஆள். ஐம்பதைத் தாண்டிவிட்டார், வலது முட்டியில் தேய்மானம். புது மின்சார பஸ் விட்ட இரண்டாம் வாரம், ஒரு சாயங்காலம் அது அவரைத் தாண்டிப் போனது. பஸ் தாண்டினால் கண்ணை இடுக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வது அவருக்கு வெகுநாள் பழக்கம். பழைய பஸ்கள் போகிற போக்கில் மூஞ்சியில் ஒரு கூடை கரிப்புகையைக் கொட்டிவிட்டுத்தான் போகும். அன்றும் மூச்சைப் பிடித்தார். பிறகு மெல்ல விட்டுப் பார்த்தார். புகை இல்லை. கூடவே காற்றும் இல்லை. பஸ்ஸின் அகலமான முதுகு ஒரு சுவர் மாதிரி முன்னால் போக, சைக்கிள் சொன்னபடி கேட்டது. அடுத்த நிறுத்தம்வரை ஒட்டிக்கொண்டே போனார்.

இதையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியுமா? மறுநாள் நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் சாயங்கால பஸ்ஸுக்குப் பின்னால் இருபதுக்குமேல் சைக்கிள். பஸ்ஸிலேயே ஏறிப் போகவேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்டிலிருந்து கப்பல் நிற்கிற இடம் உள்ளே வெகுதூரம். சைக்கிள் இல்லாவிட்டால் வேலை தொடங்கும் முன்பே கால் ஓய்ந்துவிடும். டவுனிலும் அவர்கள் குடியிருக்கும் தெருக்களுக்குள் பஸ் நுழையாது.

பஸ்ஸை ஓட்டியவள் சுடலைச்செல்வி. ஏரல் பக்கத்துக்காரி. அதற்குமுன் லோடு ஆட்டோ வைத்து வாழைத்தாரும் மீன் பெட்டியும் அடித்தவள். ஓட்டுவதோடு முடியாது, ஏற்றி இறக்குவதும் அவளேதான். மின்சார பஸ்களை ஒப்பந்தத்தில் ஓட்டுகிற கம்பெனி பெண் டிரைவர்கள் வேண்டும் என்று கேட்டபோது எழுதிப் போட்டாள். மூன்று மாதம் பார்ப்பார்கள், சரியாக வந்தால் நிரந்தரம். இந்த பஸ்ஸில் காலடியில் எஞ்சின் கொதிக்காது, கியர் போட்டுத் தோள் இறங்காது, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதுக்குள் வண்டி ஓடிக்கொண்டிருக்காது. இனிமேல் முதுகில் பெட்டி ஏற்றுவதில்லை என்று தீர்மானம் பண்ணித்தான் வந்திருந்தாள்.

டிரைவர் முன்னாலிருக்கும் சின்னத் திரையில் பஸ்ஸின் பின்பக்கம் தெரியும். அதில் சைக்கிள்களை முதலில் கவனித்தவன் கண்டக்டர் பர்னபாஸ். மாதா தேருக்குப் பின்னால் சனம் வருகிற மாதிரி வருது, நீங்க கையை மட்டும் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுங்க என்றான். சுடலைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த பஸ்ஸில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே போதும், பிரேக் போட்ட மாதிரி இழுத்துப் பிடிக்கும். ஒட்டி வருகிறவன் பல் பஸ்ஸில் பதிந்துவிடும். உப்பளத் திருப்பத்தில் நிறுத்தி, இறங்கிப் பின்னால் போனாள்.

“சக்கரத்துல மாட்டிச் சாவணும்னு ஆசையா? அதுக்கு எம் பஸ்ஸுதான் கெடச்சுதா?”

இசக்கியப்பன் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

“இந்தப் பஸ்ஸுக்குக் கொடி அசைச்ச அன்னைக்கு ஆபீசர் மைக்குல என்ன சொன்னாரு தங்கச்சி? ஊர்ல புகை கொறையணும்னா பஸ்ஸும் சைக்கிளும் கைகோத்துப் போவணும்னு சொன்னாருல்லா. நாங்க அதைத்தான செய்யிதோம்.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் போய் ஏறி, ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தாள். திரையில் கூட்டம் சிறுத்துக்கொண்டே போனது. காற்று வந்து அறைந்தது. ஒருவன் தலைத்துண்டு பறந்து உப்புப் பாத்தியில் விழுந்தது. இசக்கியப்பன் கொஞ்சதூரம் எழுந்து நின்று மிதித்துப் பார்த்துவிட்டு, இறங்கித் தள்ள ஆரம்பித்தார். கப்பல் வேலை அவளுக்குத் தெரியாது. சுமை இறக்கிவிட்டு வருகிறவன் எப்படி நடப்பான் என்பது தெரியும்.

மறுநாள் அவள் விரட்டவில்லை. கேட்டில் இசக்கியப்பனைக் கூப்பிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னாள்: ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்குமுன் இரண்டு பக்க இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவாள், அது மின்னினால் எல்லோரும் பின்வாங்கிவிட வேண்டும். அதன்பிறகு பஸ் சைக்கிள் வேகத்துக்குப் போனது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களில் பாதிப்பேர் அதே துறைமுகத்து ஆட்கள். முணுமுணுத்தார்களே தவிர, அதற்குமேல் போகவில்லை. ஆனால் பஸ் தினமும் பழைய பஸ் ஸ்டாண்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

ஆபீசில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பஸ்களைப் புள்ளிகளாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் சூப்பர்வைசர் ஜெபின். நாசரேத்துக்காரன், இன்ஜினியரிங் படித்தவன், குரலை உயர்த்தாதவன். ஏன் லேட் என்று போனில் சில தடவை கேட்டான். பிறகு, மாதக் கடைசியில் ரிப்போர்ட் போகும், லேட்டாக ஓட்டுகிற டிரைவரை நிரந்தரம் பண்ணச் சொல்லித் தன்னால் எழுத முடியாது என்று சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். வேகம் மட்டும் கூடவில்லை. கடைசியில் அவனே ஒரு சாயங்காலம் துறைமுக கேட்டில் வந்து ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தான்.

திரையைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. எவனாவது விழுந்து தொலைத்தால் கம்பெனிதான் பதில் சொல்லவேண்டும் என்றான். குறிப்பிட்ட வேகத்தில் போங்க, பின்னால் பார்க்கவே வேண்டாம், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றான். உப்பளத் திருப்பத்தில் ஆள் இறக்க பஸ் நின்றபோது, பேசிக்கொள்ள அவனும் இறங்கிப் பின்னால் போனான். இசக்கியப்பனுக்கு முன்னால் விரலை நீட்டி நின்றதைத் திரையில் பார்த்தாள். சுடலைச்செல்வி கதவை மூடினாள்.

“யக்கா, சார் கீழ நிக்காரு,” என்றான் பர்னபாஸ்.

“பின்னால பாக்காதன்னு அவருதான சொன்னாரு.”

பஸ் கிளம்பியது. திரையில் ஜெபின் கையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் ஓடினான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை தோளுக்குப் பின்னால் பறந்தது. பிறகு நின்றுவிட்டான். சைக்கிள்காரர்கள் அவனைச் சுற்றி ஏதோ பேசினார்கள். கடைசியில் அவன் இசக்கியப்பன் கேரியரில் ஏறி உட்கார்ந்தான். பர்னபாஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான்.

அவள் வேகத்தை விடவில்லை. இதே மாதிரி போனால் இன்று நேரத்துக்குச் சேர்ந்துவிடலாம். நாளையும் இப்படியே, மறுநாளும் இப்படியே என்றால் மாதக் கடைசியில் ரிப்போர்ட்டில் கை வைக்க எவனுக்கும் ஒன்றும் இருக்காது. பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தாள். பார்த்துவிட்டாள்.

தூரத்தில் சைக்கிள்கள் ஒன்றாக நெருங்கி வந்துகொண்டிருந்தன. முன்னால் மூன்று பேர் தலையைக் கவிழ்த்துக் காற்றை முட்டிக்கொண்டு மிதித்தார்கள். அவர்கள் மறைவில் மற்றவர்கள். கொஞ்சநேரத்தில் முன்னால் இருந்த மூவரும் ஒதுங்கிப் பின்னுக்குப் போக, வேறு மூன்று பேர் முன்னால் வந்தார்கள். பஸ்ஸின் முதுகை அவர்களே ஆள் மாற்றி ஆள் செய்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் நடுவில் வந்த சைக்கிள் ஆடியது. இசக்கியப்பன் ஒரு காலால்தான் மிதித்தார், மற்றக் கால் பேருக்குப் பெடலில் இருந்தது. ஜெபின் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தை அவர் முதுகில் புதைத்திருந்தான்.

பின்னால் வந்த ஒரு லாரி தாண்டிப் போகும்வரை பொறுத்தாள். பிறகு இரண்டு இண்டிகேட்டரையும் போட்டுக் காலை எடுத்தாள்.

“யக்கா, இன்னைக்கும் லேட்டாயிரும். அதுவும் அவரு கண்ணு முன்னாலயே,” என்றான் பர்னபாஸ்.

“ஆவட்டும். பெட்டி தூக்குன முதுகுதான, மறுபடி தூக்கிட்டுப் போவுது.”

கூட்டம் மெல்ல மெல்லப் பெரிதாகி, பஸ்ஸின் முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இசக்கியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் ஜெபின் முகத்தை எடுத்து வெளியே பார்த்தான். புகையும் இல்லை காற்றும் இல்லை என்பதை அவன் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது வழக்கமான தாமதத்தைவிட அதிகத் தாமதம். மற்ற நாளில் கலைந்து போய்விடுகிற சைக்கிள்கள் அன்று கலையவில்லை. ஜெபின் கேரியரிலிருந்து இறங்கி, கால் ஊன்றத் தெரியாதவன் மாதிரி நின்றான். தலைமுடி தென்னந்துடைப்பம். உதட்டில் உப்பு.

“பாக்க ஒல்லியாத்தான் இருக்கிய தம்பி,” என்றார் இசக்கியப்பன், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. “ஏத்துன பெறவுதான் தெரியிது.”

ஜெபினின் போன் அடித்தது. ஆபீசிலிருந்து. சுடலைச்செல்வி பஸ் வாசலில் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், சைக்கிள்களைப் பார்த்தான், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

“எதிர்காத்து சார்,” என்றான் போனில். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். “இல்ல சார், சாக்கு இல்ல. நானும் அந்த ரோட்டுலதான் வந்தேன். ஆடி முடியிற வரைக்கும் இப்படித்தான் இருக்கும். சாயங்கால டிரிப்புக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிப் போடணும். நான் எழுதித் தாரேன்.”

போனை வைத்துவிட்டு அவளிடம் வந்தான். குரல் பழையபடி ஆபீஸ் குரலாகிவிட்டது. சூப்பர்வைசரை நடுரோட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸை எடுத்தது தப்பு, அதையும் எழுதத்தான் செய்வேன் என்றான்.

“எழுதுங்க சார்,” என்றாள். “டயத்துக்கு எடுத்தேன்னும் சேத்து எழுதிருங்க.”

அவன் சிரிக்கவில்லை. பர்னபாஸிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்து, மீதியில் முகத்தைக் கழுவினான். துறைமுகத்துக்குத் திரும்பும் டிரிப்புக்கு ஆட்கள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். சுடலைச்செல்வி சீட்டில் போய் உட்கார்ந்தாள்.